உப்புண்ணா விருந்தினன்

ஐப்பசித் திங்களின் மழை ஓய்ந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. ஞாயிறு மறைந்த திசையில் செம்மை இன்னும் முற்றும் ஆறாதிருக்க, வளர்பிறை எட்டாம் நாளின் பாதிமதி உச்சிவானிலிருந்து தன் வெண்மையைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்திக்கொண்டிருந்தது. அவ்விரு ஒளிகளையும் ஒருங்கே ஏந்திய வெள்ளாறு, மேற்கே உருக்கிய செம்பும் கிழக்கே உருக்கிய வெள்ளியுமாக, அகன்று, அடங்கி, ஒலி அவித்து ஓடிக்கொண்டிருந்தது. தென்கரை மேட்டின்மேல், மருதமரங்களின் முடிகளுக்கு மேலே, மருதங்கோட்டை கம்பீரமாக நின்றது. தொலைவிலிருந்து காண்போர் அதனைப் பேரரசர் ஒருவர் தங்கும் அரண் என்றே எண்ணுவர். அருகில் வந்து காண்பதைக் கோட்டைக்கு உரியவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை.

அன்புடைய வாசகர்களே, நாம் அயலார் அல்லர் ஆதலால் அருகிலேயே செல்லலாம். வாயிற்கதவில் வெண்கலக் குமிழ்கள் இருந்த இடங்களில் இப்போது துளைகளே உள்ளன. யானைக் கொட்டிலில் அங்குசம் தொங்குகிறது, யானை இல்லை. கொலுமண்டபத்தில் முன்பு எட்டுத் திரைகள் தொங்கின. இப்போது தொங்குபவை மூன்று. கோட்டைக்குரிய வேள் சேந்தனார், மூன்றாண்டு வறட்சியில் ஊராருக்காக நெற்களஞ்சியத்தைத் திறந்தவர், பின்னர் அதனை மூட மறந்துவிட்டார். மறந்தமைக்காக அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. வருந்தும் பொறுப்பு அவருடைய ஒரே மகள் நல்லமங்கையிடம் இருந்தது.

அந்தி முரசை அறைவதற்கு ஆள் இல்லாமற்போன நாள்முதல் வேளே கோபுரத்தில் ஏறி அறைந்துவந்தார். முரசின் தோல் கிழிந்து தைக்கப்பட்டதாகையால், அதிலிருந்து எழுவது முழக்கம் என்பதைவிட இருமல் என்பதே பொருந்தும். எனினும் அதன் பொருள் ஏழு தலைமுறையாக மாறவில்லை. ஞாயிறு எழுந்தது முதல் முரசு ஒலிக்கும்வரை, ஆற்றில் நடப்பட்ட இரண்டு வரிசைக் கழிகளுக்கு இடையே செல்வோர் அனைவருக்கும் மருதங்கோட்டை காவல். முரசு ஒலித்தபின் துறை இல்லை, ஆறு மட்டுமே உண்டு.

அன்று முரசு இருமி அடங்கிய சிறிது நேரத்தில், கரையில் நின்று மூங்கிற்கோலைக் கழுவிக்கொண்டிருந்த நல்லமங்கை, எதிர்க்கரையில் ஒரு குதிரை நீரில் இறங்கும் ஒலியைக் கேட்டாள். குதிரைவீரன் கழிகளைக் காணாமல் அவற்றுக்குக் கிழக்கே நெடுந்தொலைவு விலகி வந்துகொண்டிருந்தான்.

"ஐயா, அங்கேயே நில்லும்" என்று அவள் குரல் உயர்த்திச் சொன்னாள். "இன்னும் இரண்டடி வைத்தால் குதிரையை மறந்துவிடலாம். நான்கடி வைத்தால் நாங்கள் உம்மையும் மறந்துவிடலாம்."

அவன் நின்றான். ஒரு பெண் நிற்கச் சொன்னவுடன் காரணம் கேளாமல் நின்ற குதிரைவீரனை நல்லமங்கை அதுவரை கண்டதில்லை. ஆகவே அவனைப் பற்றி அவள் கொண்ட முதல் எண்ணம் நல்லெண்ணமாயிற்று. பழஞ்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோலால் மணலை ஊன்றி ஊன்றிப் பார்த்து, இடையளவு நீரில் நடந்து சென்று, குதிரையின் கடிவாளத்தைப் பற்றி அவனைக் கரைசேர்த்தாள்.

அவன் பெயர் சாத்தன் எழினி. இருபத்தெட்டு வயது இருக்கலாம். உடையில் பல நாட் புழுதி படிந்திருந்தது. வாளின் கைப்பிடி மட்டும் நாள்தோறும் துடைக்கப்பட்டதுபோல் மின்னியது. தொழில் யாது என்று அவள் கேட்டதற்கு, ஊர் ஊராகச் சென்று காண்பதே தன் தொழில் என்றும், மழையால் வழிகள் கெட்டிருப்பதால் சில நாள்கள் தங்க இடம் வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னான். அவன் சொன்னவற்றில் பொய் ஒன்றும் இல்லை என்பதை இக்கதையை எழுதுபவன் உறுதி கூறுவான். நல்லமங்கையோ அவன் சொற்களை அவ்வளவாகக் கேட்கவில்லை. அவன் நேராக நடக்கிறானா என்பதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகவே நடந்தான்.

அவள் அவ்வாறு பார்த்ததற்குக் காரணம் இருந்தது. பத்து நாள்களுக்கு முன் தலைநகரிலிருந்து உறவினர் ஒருவர் மறைவாக ஓலை விடுத்திருந்தார். பேரரசின் ஆராய்ச்சியார் ஒருவர் பௌர்ணமி அந்தியில் மருதங்கோட்டைக்கு வருகிறார். துறைக்காவலுக்கு விதிக்கப்பட்ட அறுபது வேல்வீரர் இருக்கின்றனரா என்று எண்ணிப் பார்ப்பார். இல்லையேல் துறைக்காவலும் வேள் என்னும் பட்டமும் வடகரைத் தலைவர் மழவராயருக்குச் சென்றுவிடும். மருதங்கோட்டையில் இருந்த வீரர் பன்னிருவர். மற்றவர்களை எவரும் விலக்கவில்லை. விடைபெற்றுச் சென்ற ஒவ்வொருவருக்கும் வேள் ஒரு மோதிரம் கழற்றிக் கொடுத்தார். மோதிரங்கள் தீர்ந்தபின் எஞ்சிய பன்னிருவரும் வெட்கப்பட்டுத் தங்கிவிட்டனர்.

அன்று உணவு வேளையில் வேள் சேந்தனார், முந்நூறு பேர் அமரும் பந்திக்கட்டில் மூவர்க்கு இலையிடச் செய்து, புதியவனை அரசிளங்குமரனை அழைப்பதுபோல் அழைத்தார். எழினி கைகூப்பி நின்றான்.

"வேள் அவர்கள் பொறுத்தருள வேண்டும். எனக்கு ஒரு நோன்பு உண்டு. பௌர்ணமி கழியும்வரை இம்மனையில் உண்ணுதல் எனக்குத் தகாது. நீர் மட்டும் அருளுங்கள்."

வேள் மனம் வருந்தினாலும் நோன்பை மதித்தார். நல்லமங்கை மதிக்கவில்லை. அடுக்களையில் மூன்று பானைகள் இருந்தும் ஒன்றிலிருந்தே ஆவி எழுவதை அவன் வரும்வழியில் பார்த்துவிட்டான் என்றும், தன் பங்கைக் குறைத்துத்தான் அவனுக்கு இலை இடப்பட்டது என்பதை உணர்ந்து இரங்குகிறான் என்றும் அவள் முடிவுசெய்தாள். வறுமையை மறைத்து வாழ்வார்க்குப் பிறர் சினத்தினும் இரக்கமே கூரிய வேல். கொட்டிலில் அமர்ந்து தன் பையிலிருந்த அவலை நீரில் நனைத்து அவன் உண்பதைச் சாளரத்தின் வழியே கண்டபோது, அவ்வேல் இன்னும் சற்று ஆழமாக இறங்கியது.

ஆயினும் அவனுக்கு இரண்டு கால்கள் இருந்தன. இரண்டும் நன்றாக இருந்தன. மறுநாள் காலையில் அவள் அவனிடம் முழுச்செய்தியையும் சொல்லிவிட்டாள். பன்னிரு வீரரும் கோட்டையைச் சுற்றி வருவர். மேற்கு வாயிலில் மறைந்து, தலைப்பாகையை மாற்றிக்கொண்டு, கிழக்கு வாயிலில் மீண்டும் தோன்றுவர். இவ்வாறு ஐந்து நிறத் தலைப்பாகைகளில் ஐந்து சுற்று வந்தால் அறுபது. கொலுமண்டபத் திரைகளில் ஐந்து எங்கே சென்றன என்பதை வாசகர்கள் இப்போது அறிந்திருப்பார்கள்.

எழினி இருமுறை வாய் திறந்து மூடினான். இறுதியில், "ஆராய்ச்சியாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் என்ன?" என்று கேட்டான்.

"உண்மையின் பக்கம் பன்னிரண்டு வேல்களே உள்ளன, ஐயா. அறுபது கேட்கிறார்கள்."

"வருபவர் எண்ணத் தெரிந்தவராயிருந்தால்?"

"அரசாங்க அலுவலர் அல்லவா? தலைப்பாகைகளைத்தான் எண்ணுவார்."

எழினி தலைகுனிந்து குதிரையின் சேணத்தைச் சரிசெய்தான். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

இடர்ப்பாடு கோவனிடம் இருந்தது. வீரர்களுள் மூத்தவனான கோவன் இளமையில் ஒரு போரில் இடக்காலில் அம்பு தைத்து அன்றுமுதல் நொண்டுபவன். அவனுக்கு மாற்றாக எழினியை நிறுத்த நல்லமங்கை எண்ணியிருந்தாள். அதை அவள் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கியதும் கோவன் தானே முந்திக்கொண்டான்.

"புரிகிறது, பிராட்டி. அறுபது பேரில் ஐவர் ஒரே காலால் நொண்டினால் பார்ப்பவன் அதைப் படை என்று சொல்லமாட்டான்; குடும்பம் என்று சொல்வான். இவரே நடக்கட்டும். நான் அடுக்களையில் விறகு பிளக்கிறேன். விறகு காலைப் பார்ப்பதில்லை."

சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு, ஏற்கெனவே துலங்கிய தன் வேலின் முனையை எடுத்து மறுபடியும் துலக்கத் தொடங்கினான். நல்லமங்கை தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போது எழினி, நெல் விலையைப் பற்றிப் பேசுபவன்போல் அமைதியாகச் சொன்னான்:

"இவர் நடக்கட்டும். மற்றப் பதினொருவரும் இவரைப்போலவே நடக்கட்டும். அனைவரும் நொண்டினால் எவர் நொண்டி என்று எவர் அறிவார்?"

கோவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பின்பு நல்லமங்கையைப் பார்த்தான். நல்லமங்கை இரண்டு திங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று பிற்பகலே, இடக்காலை எத்துணை இழுக்க வேண்டும், வேலை எங்கே ஊன்ற வேண்டும் என்று கோவன் பதினொரு இளைஞர்களுக்கு ஆசிரியனாகிப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தான். படைத்தலைவன் ஒருவனே ஐந்து சுற்றிலும் வருவதில் குற்றமில்லை என்பதால், அணிவகுப்பின் முன்னே நடக்கும் பணி எழினிக்கு வந்தது.

விடியற்காலைகளில் அவனுக்கு வேறொரு பணியும் வந்தது. அதை எவரும் அவனுக்கு இடவில்லை; அவனே எடுத்துக்கொண்டான். வெள்ளாற்றின் மணல் ஓரிரவு இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் ஞாயிறு எழுமுன் நல்லமங்கை நீரில் இறங்கி, கோலாலும் உள்ளங்காலாலும் துறையை ஆராய்ந்து, முந்தைய நாள் நட்ட கழிகளைப் பிடுங்கிப் புதிய வழியில் நடுவாள். குதிகாலின்கீழ் நறநறவென்று அரைபடும் மணல் நம்பத்தக்கது. மாவுபோல் இணங்கிக் கொடுக்கும் மணல் நம்பத்தகாதது. ஓடக்காரர்கள் விடைபெற்றுச் சென்ற ஆறாண்டுகளாக அவள் ஒருத்தியே இதனைச் செய்துவந்தாள். எழினி கழிகளைச் சுமந்துகொண்டு அவள்பின்னே நடந்தான்.

இத்தனையும் யாரிடம் கற்றீர்கள் என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"இருமுறை மூழ்கிக் கற்றேன்" என்றாள் அவள். "மூன்றாம் முறை கற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை."

கீழ்வானம் வெளுக்க, நாரைகள் வரிசையாக எழுந்து சென்றன. எழினி கையிலிருந்த கழியை நீட்டாமல் வைத்துக்கொண்டு நின்றான். அவள் கை நீட்டிக் காத்திருந்தாள். ஆறு இருவரையும் சுற்றிக்கொண்டு சென்றது. பின்னர் இருவருமே கழியை நினைவுகூர்ந்தனர். அன்றுமுதல் நல்லமங்கைக்கு அவன் உண்ணாமை முன்னினும் பன்மடங்கு உறுத்தியது.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் விருந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது வேள் ஒரு பழைய முறைமையைச் சொன்னார். அரசாணை பெற்று ஒரு மனையை ஆராய வருபவர், தம் முடிவை ஓலையில் எழுதி முத்திரையிடும்வரை அம்மனையின் உப்பை உண்ணலாகாது. உண்டால் அவர் சொல் செல்லாது. வேளின் பாட்டனார் காலத்தில் வந்த ஆராய்ச்சியார் மூன்று நாள்கள் தென்னங்குருத்தை மட்டுமே மென்றுகொண்டிருந்தாராம்.

"அவ்வாறாயின் விருந்து எதற்குத் தந்தையே?" என்று நல்லமங்கை கேட்டாள். எஞ்சியிருந்த ஒரே வெள்ளிக் குடத்தை விற்று விருந்துக்கு வேண்டியவற்றை அவள் வாங்கியிருந்தாள்.

"உண்பது அவர் முறை. சமைப்பது நம் முறை, மகளே. நம் முறையை அவர் முறைக்காக விடலாமா?" என்றார் வேள்.

பௌர்ணமி அந்தியும் வந்தது. வெண்குடை பிடிக்க, கொம்பு ஊத, பல்லக்கில் வந்து இறங்கியவர் ஆச்சன் என்னும் பெயருடையவர்; பருத்த மேனியும் மலர்ந்த முகமும் உடையவர். வேள் அவரை எதிர்கொண்டு மேன்மாடத்தில் அமர்த்தினார். கீழே அணிவகுப்புத் தொடங்கியது. செந்தலைப்பாகையினர் பன்னிருவர் நொண்டியவாறு சென்றனர். நீலத் தலைப்பாகையினர் பன்னிருவர் நொண்டியவாறு வந்தனர். மஞ்சள், வெள்ளை, பச்சை என்று அறுபதின்மரும் இடக்காலை இழுத்து, ஒரே சீராக வேல் ஊன்றி, மிக ஒழுங்காக நொண்டிச் சென்றனர்.

ஆச்சனார் நெடுநேரம் பார்த்திருந்தார். "வேள் அவர்களே, தம் படையில் அனைவருக்குமே..." என்று தொடங்கினார்.

"அது எம் குலத்து நடை" என்றார் வேள், ஒரு சுருக்கமும் இல்லாத முகத்துடன்.

பின்னர்ப் பந்திக்கட்டில் முறைக்காக ஓர் இலை இடப்பட்டது. மிளகு பெய்த புளிங்கறியும், நெய்யில் பொரித்த வராலும், இஞ்சித் தயிரும் முறைக்காக வந்தன. ஆராய்ச்சியார் அவற்றைப் பார்த்துப் புன்னகைத்து எழுந்துவிடுவார் என்று காத்து, நல்லமங்கை தூணருகே நின்றாள். ஆச்சனார் எழவில்லை. உண்டார். புளிங்கறியை இருமுறை கேட்டு வாங்கினார். வராலைக் குறித்து இரண்டொரு நல்ல சொற்கள் சொன்னார். இறுதியில், தயிருக்கு இன்னும் சிறிது உப்பு வேண்டும் என்றார்.

வேள் தூணருகே வந்து மகளின் காதில், "அம்மா, ஆராய்ச்சியார் உப்பு உண்டுவிட்டார். இனி இவர் எழுதும் ஓலை செல்லாதே. நம் மனையில் ஒருவருக்கு இப்படி ஓர் இழுக்கு வந்துவிட்டதே" என்று நடுங்கிச் சொன்னார். வந்தவரின் பட்டம் போவதைப் பற்றியே அவர் வருந்தினார்; தம் பட்டத்தை மறந்துவிட்டார்.

உண்பவர் ஆராய்ச்சியார் ஆகமாட்டார் என்பது நல்லமங்கையின் உள்ளத்தில் தெளிந்தது; அதன்பின்னே, உண்ணாதவர் யார் என்னும் வினா மெல்ல எழுந்து நின்றது. ஏழு நாள்கள். நனைத்த அவல். பௌர்ணமி கழியும்வரை. அவள் தன் வாயாலேயே பன்னிரண்டு என்று எவனிடம் சொன்னாளோ, எவன் சொல்லைக் கேட்டே தன் வீரர்களுக்கு நொண்டக் கற்பித்தாளோ, அவன். பந்திக்கட்டை விட்டு வெளியேறி, படிகளில் இறங்கி, அவள் நேரே ஆற்றங்கரைக்குச் சென்றாள்.

எழினி துறையருகே நின்றிருந்தான். பச்சைத் தலைப்பாகைப் படையின் தலைவனுக்கு உரிய பழங்கவசத்தை இன்னும் கழற்றவில்லை.

"தம் நோன்பு இன்றோடு முடிகிறதல்லவா, ஆராய்ச்சியாரே?"

"ஆச்சனார் உண்டுவிட்டாரா?" என்று கேட்டான்.

"இருமுறை."

"அவர் என் ஓலையெழுத்தர். உண்ணாதிருக்கும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். நான் முன்னே வந்து கண்ணால் காண்பதும், அவர் பின்னே வந்து பல்லக்கில் இறங்குவதும் எங்கள் வழக்கம். ஆனால், பிராட்டி, தாங்கள் என்னிடம் உள்ளதைச் சொன்ன அக்காலையில் நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆணை இல்லை. இருமுறை வாய் திறந்தேன்."

"பார்த்தேன். கொட்டாவி என்று எண்ணினேன்" என்றாள் அவள். குரல் சிறிதும் அசையவில்லை. கைகள் மட்டும் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. "தாம் காண வேண்டியதெல்லாம் கண்டாயிற்று. எழுத வேண்டியதை எழுதுங்கள்."

அப்போது கோவன், இம்முறை அணிவகுப்பின் ஒழுங்கின்றி நொண்டி, விரைந்து வந்து வடகரையைச் சுட்டினான். மங்கிய ஒளியில் நாற்பது குதிரைகள் தோப்பின் ஓரத்தில் நின்றிருந்தன. நடுவே மழவராயரின் பன்றிக்கொடி தெரிந்தது. அவர் நோக்கம் தெளிவாகவே இருந்தது. காவலர் உண்ணச் செல்லும் வேளையில் ஆற்றைக் கடந்து, ஆராய்ச்சியாரின் கண்ணெதிரே தென்கரையில் அக்கொடியை நாட்டிவிட்டால், துறைக்குக் காவல் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எழினி தன் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைத் தொட்டான். "நான் எதிரே சென்று இதனைக் காட்டினால் அவர்கள் திரும்பிவிடுவார்கள். தாங்கள் ஒரு சொல் சொன்னால் போதும்."

"இத்துறையை யார் காக்கிறார்கள் என்று காணத்தானே வந்தீர்? நின்று காணும்" என்றாள் நல்லமங்கை.

அவள் கழிகளின் அருகே நீரில் இறங்கி நின்றாள். ஆனால் ஒன்றையும் தொடவில்லை. முரசு ஒலிக்கும்வரை அக்கழிகள் மருதங்கோட்டையின் வாக்கு. பகைவர்க்கும் அவ்வாக்கு உண்டு. எதிரே குதிரைகள் அசைந்தன. கோபுரத்தில் ஓசை இல்லை. தயிருக்கு உப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தினரை விட்டு வேளால் எழ முடியவில்லையோ என்று அவள் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைய நாளில்தானா அவர் மறக்க வேண்டும்?

முரசு இருமியது.

கோவனும் அவளும் கழிகளைப் பிடுங்கத் தொடங்கினர். மதி இன்னும் மேலெழாத இருளில், பிடுங்கிய கழிகளைத் தோளில் ஏந்தி, கிழக்கே எழுபது தப்படி சென்று, மாவுபோன்ற மணலில் இரண்டு வரிசையாக மீண்டும் நட்டனர். எழினி ஏழு நாள்களாகச் சுமந்த கழிகள் அவை. அன்று சுமக்க அவன் வரவில்லை; வரலாகாது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். கரையில் நின்ற அவன் கைவிரல்கள் மட்டும் ஒவ்வொரு கழிக்கும் ஒருமுறை மடங்கி விரிந்தன. கீழ்வானில் முழுமதி பனந்தோப்பைக் கடந்து எழுந்தபோது, கழிகள் தம் புதிய இடத்தில் ஏழு தலைமுறையாக நின்றவைபோல் நின்றன.

மழவராயர் கழிகளை நம்பினார். அதில் வியப்பில்லை, அவ்வாற்றங்கரையில் அவற்றை நம்பாதவர் எவரும் இல்லை. நாற்பது குதிரைகளும் வரிசைகளுக்கு நடுவே கம்பீரமாக வந்து, நடு ஆற்றுக்குச் சற்று இப்பால், முன்னவை முன்னும் பின்னவை பின்னுமாக வயிறளவு அமிழ்ந்து நின்றுவிட்டன. அவ்விடத்துச் சேறு பிடிக்குமேயன்றி விழுங்காது. நல்லமங்கை அறிந்தே தெரிந்தெடுத்த இடம் அது. நிலவொளியில் பன்னிரு வீரரும் பலகைகளும் கயிறுகளுமாக நீரில் இறங்கினர். பழக்கம் விடாமையால் சிலர் இன்னும் நொண்டினர்.

"மழவராயரே, முரசு ஒலித்தது தமக்குக் கேட்கவில்லையா?" என்றாள் நல்லமங்கை.

கொடிக்கம்பைத் தழுவிக்கொண்டு இடையளவு சேற்றில் நின்ற மழவராயர் தம் மதிப்பைக் கைவிடாமல் விடையிறுத்தார்: "கேட்டது. யாரோ இருமுவதாக எண்ணினேன்."

"இருமினாலும் எங்கள் வாக்கு வாக்கே. கம்பை இப்படிக் கொடுங்கள். பலகைக்கு அடியில் கொடுத்து நெம்ப வேண்டும்."

கொடுத்தார். மூன்று நாழிகைக்குள் நாற்பது குதிரைகளும் முப்பத்தொன்பது வீரரும் ஒரு தலைவரும் காயம் ஏதுமின்றி வடகரையில் ஏற்றப்பட்டனர். பன்றிக்கொடியை அவள் பிழிந்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். கம்பை மட்டும் வைத்துக்கொண்டாள். நல்ல உறுதியான கம்பு, துறைக்கழிக்கு ஆகும் என்றாள்.

கோட்டைக்கு மீண்டதும் எழினி வேளின் முன் வணங்கித் தன் மோதிரத்தைக் காட்டினான். ஆச்சனார் விரலைத் துடைத்துக்கொண்டு எழுத்தாணியை எடுத்தார்.

"வேண்டா. தாங்கள் இம்மனையின் உப்பை உண்டவர்" என்று எழினி எழுத்தாணியை வாங்கிக்கொண்டான். தானே எழுதி, எழுதியதை அனைவரும் கேட்கப் படித்தான்:

"மருதங்கோட்டையில் வேல் பன்னிரண்டு. தலைப்பாகை அறுபது. ஏழு நாள் தங்கிக் கண்டது: நாள்தோறும் விடியுமுன் துறை ஆராயப்படுகிறது. ஆறாண்டில் இத்துறையில் உயிர் இழந்தார் இலர். பௌர்ணமி அந்தியில் நாற்பது குதிரை தீய நோக்கொடு வந்தன. ஒன்றும் கடக்கவில்லை, ஒன்றும் மடியவில்லை. அறுபது வேல் என்று முன்னோர் விதித்தது துறை காக்கப்படுவதற்கு. துறை காக்கப்படுகிறது. ஆதலால் விதியைப் பன்னிரண்டு எனத் திருத்துவதே தகும். காவல் இம்மனைக்கே உரியது. ஆராய்ச்சி சாத்தன் எழினி எழுத்து."

வேள் சாளரத்தின் பக்கம் திரும்பி நெடுநேரம் நிலவைப் பார்த்தார். எழினி அரக்கை உருக்கி முத்திரையிட்டான். பின்பு நல்லமங்கையை நோக்கி, ஏழு நாள்களில் முதன்முறையாகச் சற்றே தடுமாறும் குரலில் கேட்டான்:

"இனி எனக்கு இம்மனையில் உண்ணத் தடை இல்லை. ஏதேனும் இருக்கிறதா?"

"விருந்து முழுவதையும் தம் எழுத்தர் உண்டுவிட்டார். கஞ்சி இருக்கிறது."

"கஞ்சியே கொடுங்கள். ஆனால் ஒன்றை அறிந்துகொண்டு கொடுங்கள், பிராட்டி. இவ்வுப்பை உண்டபின் இம்மனையைப் பற்றி நடுநின்று பேசும் தகுதி எனக்கு என் ஆயுள் உள்ளவரை இல்லை. ஒருபக்கமாகவே பேசுவேன். வேள் அவர்கள் சான்றாகச் சூளுரைக்கிறேன்: ஆண்டுதோறும் வெள்ளம் வடியும் முதல் விடியலில், நான் எந்நாட்டில் இருந்தாலும், கழி சுமக்க இங்கே வந்து நிற்பேன்."

நல்லமங்கை உப்பு மரவையைத் திறந்தாள். முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள், ஆயினும் குரல் தெளிவாகவே இருந்தது.

"ஆண்டுக்கு ஒருநாள் வருபவரால் பயன் இல்லை. ஆறு நாள்தோறும் மாறுகிறது."

வேள் சேந்தனார் நிலவை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். வாயிற்புறத்தில் கோவன் யாரையோ அதட்டி, இனி நேராக நடக்கலாம் என்று சொல்வது கேட்டது.

அவள் மட்கலத்தில் கஞ்சியை வார்த்து, உப்பை எடுத்து இட்டாள். அவள் கண் கலத்தில் இல்லாமையால் உப்பு அளவுக்கு மிஞ்சி விழுந்தது. எழினி இரு கைகளாலும் கலத்தை ஏந்தி, ஒரு துளியும் எஞ்சாமல் பருகி, மிக நன்றாக இருக்கிறது என்றான். மருதங்கோட்டையைப் பற்றி அவன் ஒருபக்கமாகப் பேசிய முதற் சொல் அது.